ஜிபே செய்தால் கவிச்சுடர்

கவியரங்கம் நடத்த ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு நற்செய்தி: கவிதை தேவையில்லை. ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு ஜிபே எண், கடன் கொடுக்கும் ஷீல்டு கடை. முதலீடு முடிந்தது.

'உலக சாதனைக் கவியரங்கம்' என்று பெயர் வையுங்கள். இடைவிடாமல் இத்தனை மணி நேரம், இத்தனை கவிஞர்கள் என்று அறிவித்தால் போதும். கட்டணம் வாங்கிக்கொண்டு சாதனைச் சான்றிதழ் தரத் தனியார் பதிவேடுகள் காத்துக்கிடக்கின்றன. அந்தக் கட்டணம் உங்கள் பையிலிருந்து போகாது. கவிஞர்களிடம் 'பதிவுத் தொகை' வாங்குங்கள். கட்டியவர் கவிச்சுடர். கூடக் கட்டியவர் கவிப்பேரொளி. தொகுப்பு நூலில் இரண்டு பக்கம் வேண்டுமா, பத்துப் பிரதி வாங்கியாக வேண்டும். பத்துப் பிரதியிலும் அவர் படிக்கப்போவது அந்த இரண்டு பக்கத்தைத்தான்.

2023-இல் அண்ணா பல்கலைக்கழக வளாக அரங்கிலேயே ஒரு தனியார் அமைப்பு போலிக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. பல்கலைக்கழகம் போலீசுக்குப் போனது. கவிச்சுடருக்கு அந்தப் பயமும் இல்லை. இல்லாத பட்டத்துக்குப் போலி ஏது?

இனி மேடை. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நோக்கவுரை, வாழ்த்துரை எட்டுப் பேர், நடுநடுவே பொன்னாடை. போர்த்திய பொன்னாடை மேடைக்குப் பின்னால் மடிந்து அடுத்தவர் தோளுக்கு வந்துவிடும். தமிழ்நாட்டில் ஒழுங்காக நடக்கும் ஒரே மறுசுழற்சித் திட்டம் அது. கவிஞருக்கு இரண்டு நிமிடம். காலையிலேயே பஸ் ஏறி, ஒரே ஒரு கவிதையை நாலாக மடித்து எடுத்து வந்த கிராமத்துப் பெண் மூன்றாவது வரியில் இருக்கும்போது மணி அடிக்கிறார்கள். சிறப்பு விருந்தினருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டதாம். அவர் அதுவரை ஒரு மணி நேரம் தன் வெளிநாட்டுப் பயணத்தைப் பேசியிருக்கிறார். அந்தப் பெண்ணின் கடைசி பஸ்ஸைப் பற்றி எந்த அமைப்பாளருக்காவது கவலை இருந்ததா?

'இதெல்லாம் பழைய தலைமுறை' என்று சிரிக்கிற சென்னை ஓபன் மைக் தம்பிகளே, உங்கள் காபிக் கடையில் வாசிக்க வருகிறவனும் டிக்கெட் வாங்குகிறானே, அது என்ன கணக்கு? அவனுடைய நண்பர்கள் நாலு பேர் வருவார்கள், நாலு காபி விற்கும். அவன் வாசித்து முடித்ததும் ஐவரும் எழுந்து போவார்கள். அடுத்தவன் நாற்காலிகளுக்கு வாசிப்பான்.

இரண்டு இடத்திலும் மைக் செட்காரருக்குக் கூலி உண்டு. ஃப்ளெக்ஸ் அடித்தவருக்கு உண்டு, மண்டபத்துக்கு வாடகை உண்டு, காபிக்கு விலை உண்டு. கையிலிருந்து கொடுத்துவிட்டுப் போகிற ஒரே ஆள் கவிதை எழுதியவர். தன்னை நேரில் காணாமல் அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலையே, நான் வியாபாரி இல்லை என்று மறுத்தவர் சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார். புறநானூறு 208-ஆம் பாட்டு அது. அவர் மரபில் வந்தவர்களிடம் நாம் ரசீதுகூடக் கொடுக்காமல் வசூலிக்கிறோம்.

ஊர் நூலகத்தில், ஒரு மாலையில் ஆறு பேரை உட்காரவைத்து, ஒவ்வொருவரையும் முழுதாக வாசிக்கவிட்டு, மற்ற ஐவரும் கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை, பொன்னாடை தேவையில்லை. அப்படி நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள்; அவர்கள் படம் ஃப்ளெக்ஸில் வருவதில்லை.

கவிஞர்களே, அடுத்த அழைப்பிதழில் ஜிபே எண் இருந்தால் பணம் அனுப்பாதீர்கள். போன கூட்டத்தின் வரவு செலவுக் கணக்கை அனுப்பச் சொல்லுங்கள்.