மிதக்க வைத்தவர்களின் கணக்கு

தரைதட்டிய கப்பலை மீண்டும் மிதக்க விடுவதற்கு மாலுமிகள் வழங்கும் சொல்லையே, நொடித்துப்போன கம்பெனிக்குப் புது மூலதனம் திரட்டிக் கொடுப்பதற்கும் ஆங்கிலேயர் வழங்கிவருகிறார்கள். அவர்களுடைய வியாபார ஞானத்தை நான் மெச்சவே செய்கிறேன். ஏனெனில் இரண்டு காரியங்களிலும் சேறு ஒன்றே, இழுப்பவர்களின் கூச்சலும் ஒன்றே, மிதந்த மறுநாள் வாசலில் வந்து நிற்கும் பில்லும் ஒன்றே.

2021 மார்ச் 23ஆம் தேதி சூயஸ் கால்வாயில் ‘எவர் கிவன்’ என்னும் சரக்குக் கப்பல் மாட்டிக்கொண்டதை அறியாதார் இரார். பலத்த காற்று வீசிய அன்று காலையில், 400 மீட்டர் நீளமுள்ள அந்த மகாகாயம் மூக்கை ஒரு கரையிலும் வாலை மறுகரையிலும் ஊன்றிக் குறுக்கே நின்றுவிட, ஏனைய கப்பல்கள் நூற்றுக்கணக்கில் வழி பார்த்துக் கிடந்தன. அதிலிருந்த மாலுமிகள் 25 பேரும் நம் தேசத்தவர் என்பதால் எங்கள் தெருவுக்கு அவ்விஷயத்தில் ஒரு பாத்தியதை ஏற்பட்டு, பரிசலில்கூடக் காலெடுத்து வைத்தறியாத ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், காப்பி ஆறுவதையும் பொருட்படுத்தாமல், கப்பலை எந்தப் பக்கம் நெம்ப வேண்டும் என்று டம்ளரைத் திருப்பித் திருப்பிக் காட்டி எனக்கு உபதேசித்துக்கொண்டிருந்தார்.

கால்வாய்க்காரர்கள் அவருடைய யோசனைக்குக் காத்திராமல் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். மலைபோன்ற அந்த முகப்பின் அடியில் ஒரு சின்னஞ்சிறு மஞ்சள் இயந்திரம் மண்ணைக் கிளறிய படத்தை உலகமே பார்த்துச் சிரித்தது. பிறகு தூர்வாரும் கப்பல் வந்து 18 மீட்டர் ஆழம் வரையில் சுமார் 30,000 கன மீட்டர் மணலையும் சேற்றையும் வாரியது. டச்சு தேசத்து நிபுணர்கள் வந்தார்கள். இழுவைப் படகுகள் முன்னும் பின்னும் மூச்சுத் திணறின. இத்தனை பிரயாசைக்குப் பின்னும் கப்பல் முழுவதும் மிதக்கத் திருவுளம் கொண்டது, 28ஆம் தேதிப் பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் பெருகிய மறுநாளில்தான்.

மிதந்ததே தவிர, ஊர் போய்ச் சேரவில்லை. கால்வாய் நிர்வாகம் அதைப் பெரிய கசப்பு ஏரியில் நிறுத்திவைத்து, முதலில் 91.6 கோடி டாலர் கேட்டது. அதில் மீட்ட கைங்கரியத்துக்கு 30 கோடி, தன் கீர்த்திக்கு நேர்ந்த பங்கத்துக்கு இன்னுமொரு 30 கோடி. பேரம் 55 கோடிக்கு இறங்கி, ஒருவழியாகச் சமரசம் ஏற்பட்டது. டச்சு நிபுணர்களோ தங்கள் ஊதியம் எந்தக் கணக்கில் சேர்த்தி என்பதைத் தீர்மானிக்க லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடினார்கள். சம்பந்தப்பட்ட அனைவரிலும் ஒரு காசும் கேட்காதவர் சந்திரன் ஒருவரே.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு என் சித்தப்பாவின் அரிசி மண்டி ஞாபகம் வந்தது. கடன் கொடுத்தே கடனாளியான அந்த உத்தமருக்கு அவருடைய மைத்துனர் ஒரு தொகை தந்து உதவியது மெய்தான். ஆனால் மண்டி நிமிர்ந்தது அந்த வருஷம் அரிசி விலை தானாக ஏறியதால் என்பதும் மெய். விலையேற்றம் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது, மைத்துனர் போகவில்லை. அசலும் வட்டியும் அடைந்து எத்தனையோ காலமான பிறகும், குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், பந்தியில் சித்தப்பாவுக்கு நேர் எதிர் இலையில் அமர்ந்து, பாயசம் பரிமாறப்படும் சமயம் பார்த்து, “அன்னிக்கு நான் மட்டும் கை கொடுக்கலேன்னா அத்திம்பேர் கதி என்ன ஆயிருக்கும்?” என்று பந்தி முழுவதும் கேட்கும்படி அவர் வினவுவதும், சித்தப்பா பாயசத்தை விழுங்கவும் மாட்டாமல் துப்பவும் மாட்டாமல் தலையசைப்பதும் சாஸ்திரோக்தமாக நடந்துவருகின்றன.

கப்பலுக்காவது ஜூலை 7ஆம் தேதி விடுதலை கிடைத்தது. மைத்துனருக்கோ கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் இன்னும் இருவர் இருக்கிறார்கள்.