கட்டிக் கேள்விகள், சுட்டிப் பதில்கள்

கே: செல்போனில் பேசினால் மூளையில் கட்டி வருமா? ஒரே வார்த்தையில் சொல்லவும். (திருவாரூர் வாசகர்)

ப: தெரிந்தவரை, வராது. இரண்டு வார்த்தை ஆகிவிட்டது. முதல் வார்த்தை விஞ்ஞானிகளுக்காக.

கே: அப்படியானால் உலக சுகாதார நிறுவனமே ‘புற்றுநோய் வரலாம்’ என்றது ஏன்? (தென்காசி வாசகி)

ப: சொன்னது அதன் புற்றுநோய் ஆய்வு முகமை, 2011 மே மாதம். செல்போன் அலைகளை ‘2பி’ பிரிவில் போட்டது. சந்தேகம் உண்டு, சாட்சி போதாது என்று பொருள். அதே பிரிவில் அப்போது காபியும் இருந்தது, 2016-ல் எடுத்துவிட்டார்கள். முழுக் கற்றாழை இலைச் சாறு பின்னால் வந்து சேர்ந்தது. கற்றாழை ஜூஸ் குடித்துக்கொண்டே செல்போனைத் திட்டும் வாக்கிங் நண்பர்கள் இருந்தால் சொல்லிப் பாருங்கள். அந்த நிறுவனம் கேட்டு நடந்த பெரிய அலசல் 2024-ல் வந்தது. 63 ஆய்வுகளைப் புரட்டிவிட்டு, செல்போனுக்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு தென்படவில்லை என்றது. அது மட்டும் வாட்ஸ்அப்பில் வரவே இல்லை பாருங்கள்!

கே: நான் மார்க்கெட்டிங் ஆள். நாள் முழுக்கக் காதில் போன்தான். என் கதி? (ஓசூர் வாசகர்)

ப: உங்களைப் போன்றவர்களையும் சேர்த்து 13 நாடுகளில் விசாரித்தார்கள். ‘இன்டர்ஃபோன்’ ஆய்வு, 2010-ல் வெளியானது. மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியவர்களிடம் கிளையோமா என்ற கட்டி 40 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. நெஞ்சைப் பிடிக்காதீர்கள், மீதியையும் கேளுங்கள். செல்போன்காரர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், அதே கட்டி மற்றவர்களைவிட 19 சதவீதம் குறைவு! ‘மூளையைக் காக்கும் போன்’ என்று எந்தக் கம்பெனியும் விளம்பரம் செய்ததாகத் தெரியவில்லை. கட்டி வந்து படுத்திருப்பவரிடம், ‘சில வருஷம் முன்னால் எவ்வளவு பேசினீர்கள்?’ என்றால் ஞாபகம் எந்தப் பக்கமும் சாயும். அந்தக் காலத்துக் கட்டணத்தில் தினமும் 5 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்னவர்களும் உண்டு. பில் கட்டிய புண்ணியவான் யாரோ!

டென்மார்க்கில் ஞாபகத்தை நம்பவில்லை. சந்தாப் பதிவுகளை எடுத்துப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு பொருத்தினார்கள். மூன்றரை லட்சம் சந்தாதாரர்கள். கட்டி கூடவில்லை.

கே: கதிர்வீச்சு என்றால் எல்லாம் ஒன்றுதானே? எக்ஸ்ரேக்குப் பயப்படுகிறோமே? (சிவகாசி மாணவி)

ப: குடும்பப் பெயர் ஒன்று, பலம் வேறு. எக்ஸ்ரே டிஎன்ஏவின் பிணைப்பையே உடைக்கும். செல்போன் அலைக்கு அந்தத் தெம்பு கிடையாது. கடப்பாரை கேட்கும் பூட்டை மயிலிறகால் லட்சம் தடவை தட்டினாலும் திறக்குமா?

கே: எதிர்வீட்டு மொட்டைமாடியில் டவர் வைத்துவிட்டார்கள். போராடலாமா? (தாம்பரம் வாசகர்)

ப: ஜெயித்துவிட்டால் என்ன செய்வீர்கள்? சிக்னல் குறையும். தூரத்து டவரை எட்ட உங்கள் போன் இன்னும் பலமாக அலை வீசும், அதுவும் காதை ஒட்டியபடி. டவர் கதிர்வீச்சுக்கு இந்தியாவில் 2012 முதல் உள்ள வரம்பு, சர்வதேசப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்குதான். டவரைக் குற்றம் சாட்டும் ‘2.0’ படத்தைப் பார்த்துவிட்டுத்தானே கேட்கிறீர்கள்?

கே: கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர் வாங்கலாமா? (நாகர்கோவில் வாசகி)

ப: 2020-ல் மாட்டுச் சாணத்தில் செய்த ‘சிப்’பையே ஓர் அரசு ஆணையத்தின் தலைவர் அறிமுகம் செய்தார். ஆதாரம் எங்கே என்று நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் கேட்டார்கள். உங்கள் ஸ்டிக்கர் வேலை செய்யாவிட்டால் பணம் நஷ்டம். வேலை செய்து அலையைத் தடுத்தால், சிக்னல் கிடைக்காமல் போன் கூடுதலாக முக்கும். எது வசதி?

கே: போனில் *#07# அடித்தால், உடல் உறிஞ்சும் அலையின் அளவு (SAR) 0.98 என்று வருகிறது! (பதற்றத்துடன் ஒரு கரூர்வாசி)

ப: வரம்பு 1.6. தண்ணீர் குடியுங்கள்.

கே: ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசினால் கதிர்வீச்சு கூடுமா? (திண்டுக்கல் வாசகர்)

ப: அதை அளந்து பார்க்க எதிரே வரும் தண்ணி லாரி அவகாசம் தராது.