எலி தின்ற மருந்தும் ஜனாதிபதியும்

1933 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பனிப்புயல் பேயாட்டம் போட்டுக்கொண்டிருந்தது. எட் கார்ல்சன் என்ற விவசாயி, செத்த கிடேரி ஒன்றையும் பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சுமார் 300 கிலோமீட்டர் ஓட்டி மேடிசனுக்கு வந்தார். அரசு கால்நடை மருத்துவரைப் பார்க்கத்தான். சனிக்கிழமை மதியம் அரசு அலுவலகம் திறந்திருக்கும் என்று நம்பிய அந்த வெள்ளந்தி மனசை நினைத்தால் எனக்கு இன்றும் கண் கலங்குகிறது.

கதவில் பூட்டு. ஆள் நடமாட்டம் தெரிந்த ஒரே இடம் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறை. அங்கே கார்ல் பால் லிங்க் என்ற பேராசிரியர்முன் கேனை வைத்தார். பூஞ்சை பிடித்த ஸ்வீட் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் சாகின்றன என்பது அப்போதே தெரிந்த சங்கதி. “அந்தத் தீவனத்தை நிறுத்துங்க, முடிஞ்சா மாட்டுக்கு ரத்தம் ஏத்துங்க” என்கிற மாதிரி சொல்லி அனுப்பினார் லிங்க். வேறு தீவனம் வாங்கக் காசில்லாத காலம். மனுஷன் வந்த வழியே பனியில் திரும்பினார். கேன் மட்டும் தங்கிவிட்டது.

அதற்குள் இருந்த எமனைப் பிடிக்க ஆறு வருஷம் ஆயிற்று. அறுத்த புல்லுக்கு மணம் தருகிற கூமரின், பூஞ்சையின் சகவாசத்தால் டைகூமரால் ஆகிவிடுகிறதாம். கெட்ட சேர்க்கை யாரைத்தான் விட்டது!

1945இல் காசநோய் வந்து லிங்க் சானடோரியத்தில் படுத்தார். பொழுதுபோக எடுத்துப் படித்தது எலி ஒழிப்பின் வரலாறு. எலி லேசுப்பட்ட ஜீவன் இல்லை. ஒன்று தின்ற இடத்திலேயே சுருண்டால், மற்றவை அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காது. ஆகவே ஆற அமரக் கொல்லும் சரக்கு வேண்டும். டைகூமராலின் சாயலில் லிங்க் குழு செய்துவைத்திருந்த பொருள்களின் பட்டியலில் 42ஆம் எண் அப்படிப்பட்டது. பல நாள் விருந்துண்டு சாகிற எலிக்குச் சமையல்காரன்மேல் சந்தேகமே வராது.

அதன் முழுப்பெயர் 3-ஆல்ஃபா-அசிட்டோனைல்பென்சைல்-4-ஹைட்ராக்சிகூமரின். கடையில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் எலி பேரன் பேத்தி எடுத்துவிடும். ஆராய்ச்சிக்குப் படியளந்தது விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளை. அதன் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்தால் ‘வார்ஃப்’. கூமரினின் வாலை ஒட்டினால் வார்ஃபரின்! கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்து உபயதாரர் பெயர் எழுதுகிற புத்தி நமக்கு மட்டும் சொந்தமில்லை. 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது.

1951இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த ஒருவர் இதைத் தின்று உயிரைவிடப் பார்த்தார். வைட்டமின் கே கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். முறிமருந்து கைவசம் இருக்கிறதே என்று டாக்டர்களுக்குத் தைரியம் பிறந்தது. 1954இல், ரத்தக்கட்டைத் தடுக்கும் மருந்தாக மனிதர்களுக்கும் அனுமதி. அடுத்த வருஷம் ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு. ஹிட்லரை வென்ற தளபதி, எலி தின்றதையே சமர்த்தாக விழுங்கினார்.

ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை வேலை செய்து களைத்த வைட்டமினை மறுபடி தேற்றி அனுப்ப, கல்லீரலில் ‘வைட்டமின் கே எப்பாக்சைடு ரிடக்டேஸ்’ என்ற நொதி இருக்கிறது. வார்ஃபரின் அதன் கையைக் கட்டிப்போடுகிறது. எலிக்கும் ஜனாதிபதிக்கும் ஒரே சூத்திரம், அளவுதான் வேறு.

இதய வால்வு மாற்றி வார்ஃபரின் சாப்பிடுகிறவர் வீட்டில் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை: கீரையில் வைட்டமின் கே ஏராளம். வாரமெல்லாம் தொடாமல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் முருங்கைக்கீரையை மலையாகக் குவிக்காதீர்கள். எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டு, அந்த அளவிலேயே நில்லுங்கள்.