யாருக்கு யார் சொந்தம்?

கேள்வி: எங்கள் வீட்டில் சிலந்தி, கறையான், எறும்பு, கரப்பான் என்று எல்லாப் பூச்சிகளும் குடியிருக்கின்றன. இவை ஒன்றுக்கொன்று என்ன உறவு?

(வாசகி, திண்டுக்கல்)

பதில்: முதலில் காலை எண்ணுங்கள். ஆறு இருந்தால்தான் பூச்சி. சிலந்திக்கு எட்டு, அது தேளுக்குப் பங்காளி. வெட்கப்பட வேண்டாம், 1758-ல் உயிரினங்களை வகைப்படுத்திய அறிஞர் லின்னேயஸே சிலந்தியை, ஏன், நண்டைக்கூடப் பூச்சிக் கணக்கில்தான் சேர்த்திருந்தார்.

வில்லங்கம் கறையானிடம்தான். உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பிரித்த தொல்காப்பியர், சிதலையும் (கறையானின் பழைய பெயர்) எறும்பையும் மூவறிவு வரிசையில் ஒன்றாக உட்கார வைத்தார். இரண்டும் புற்றில் கூட்டமாக வாழ்வதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மரபணுவைப் பார்த்தவர்கள் சொல்வது வேறு. எறும்பு, குளவி வீட்டுப் பிள்ளை. கறையானோ கரப்பான் வம்சம். மரம் தின்னப் பழகி, கூட்டுக் குடும்பமாகிவிட்ட கரப்பான் என்றே சொல்லலாம். சந்தேகமிருந்தால் இடுப்பைப் பாருங்கள்: எறும்புக்கு ஒடிந்துவிடும்போல் இருக்கும், கறையானுக்கு இடுப்பே கிடையாது. இரண்டுக்கும் ஆகவும் ஆகாது. எறும்புக்குக் கறையான் நல்ல விருந்து.

மழையை ஒட்டிப் பறக்கும் ஈசலும் இறக்கை முளைத்த கறையான்தான். பொரியோடு வறுத்துச் சாப்பிடும் வழக்கம் உங்கள் வீட்டில் உண்டென்றால், சாப்பிட்டு முடித்தபின் மேலே சொன்ன வம்சாவளியைப் படிக்கவும்.