வாளி வைத்த குற்றம்

அனுப்புநர்: மூன்றாம் மாடிக் குடித்தனக்காரன்.

பெறுநர்: மாண்புமிகு நிர்வாகக் குழுவினர், எங்கள் அடுக்ககக் குடியிருப்போர் சங்கம், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குக் கூப்பிடு தூரம், சென்னை.

பொருள்: தண்ணீரைச் சேமித்தமைக்கு மன்னிப்புக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. லிஃப்டில் ஒட்டிய தங்கள் சுற்றறிக்கை. 2. என் அம்மாவுக்கு வந்த அபராத நோட்டீஸ்.

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். குளியலை ஐந்து நிமிடத்தில் முடிக்க வேண்டும், பல் துலக்கும்போது குழாயை மூட வேண்டும் என்ற தங்கள் சுற்றறிக்கையைத் தலைமேல் ஏற்றுக்கொண்டோம். ஷவரைக் கழற்றிவிட்டு மொண்டுதான் குளிக்கிறோம். இந்த வேகத்தில் போனால் அடுத்த சுற்றறிக்கைக்குள் துடைத்துக்கொள்ளவும் பழகிவிடுவோம்.

என் அம்மா ராமநாதபுரத்துக்காரர். ஊரணித் தண்ணீரை இடுப்பில் சுமந்து வளர்ந்தவருக்குத் தங்கள் சுற்றறிக்கை தேவைப்படவில்லை. அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்கு, காய் கழுவியது தக்காளிக்கு, ஆர்.ஓ. கழித்துவிடுவது கழிவறைக்கு என்று எங்கள் வீட்டில் ஒவ்வொரு சொட்டுக்கும் வேலை உண்டு. பால்கனித் தொட்டிகளின் மண் காயாதிருக்கத் தேங்காய் நாரால் மூடாக்குப் போட்டிருக்கிறார். ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் பொழுது சாய்ந்த பிறகுதான் செடிகளுக்குத் தண்ணீர். ஆசை யாரை விட்டது? தாழ்வாரத்தில் ஏசிக் குழாய் சொட்டுமிடத்தில் ஒரு பச்சை வாளியை வைத்துவிட்டார். இரவு முழுக்கச் சொட்டி, விடிகையில் அரை வாளி தேறும், அது துளசிக்கு. 'பொது இடத்தின் அழகைக் கெடுத்தமைக்காக' 500 ரூபாய் அபராதம் விதித்தீர்கள். நியாயம்தான். தண்ணீர் போகலாம், அழகு போகலாமா?

அழகு என்றதும் நம் கொரியன் புல்தரை நினைவுக்கு வருகிறது. தினமும் உச்சி வெயிலில், பன்னிரண்டு முதல் இரண்டு வரை, வாட்ச்மேன் அண்ணன் ட்யூபைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பாதி மண்ணுக்கு, பாதி சூரியனுக்கு. காலையில் விடக்கூடாதா என்று கேட்டேன். "காலையில வுட்டா வாக்கிங் போறவங்க காலு ஈரமாவுதாம் சார்" என்றார். ட்யூப் நுனியில் 20 லிட்டர் வாளியைப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றரை நிமிடத்தில் தளும்பியது. இரண்டு மணி நேரத்துக்கு 80 வாளி. அம்மா அடுப்படியில் மிச்சம் பிடிப்பது நாளுக்கு இரண்டு வாளி. அவருடைய நாற்பது நாள் சிக்கனத்தை நம் புல் ஒரே மத்தியானத்தில் குடித்து ஏப்பம் விடுகிறது.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஊரே குடங்களோடு வரிசையில் நின்ற அந்த மாதத்திலும் நம் புல் வாடவில்லை. தங்கள் நிர்வாகத் திறமைக்கு வேறென்ன சான்று வேண்டும்?

அடுத்தது நீரூற்று. கட்டட வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அது நிற்கிற இடத்தில் 'மழைநீர் சேகரிப்புக் குழி' என்று போட்டிருக்கிறது. குழியை மூடி, மேலே ஓடு பதித்து, லாரித் தண்ணீரை ஊற்றிப் பீய்ச்சுகிறோம். மொட்டைமாடிக் குழாயோ நேரே தெருவுக்குப் போகிறது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. ஏ பிளாக் மாடி மட்டும் 4,000 சதுர அடி. பெருக்கிப் பார்த்தால் ஐந்து லட்சம் லிட்டர். ஆவியானது, சிதறியது போனாலும் 12,000 லிட்டர் லாரிகள் முப்பதுக்குக் குறையாது. வாசல் வரை இலவசமாக வந்தவரை ஐப்பசியில் தெருவில் விட்டுவிட்டு, சித்திரையில் லாரி வாடகை கொடுத்துத் திரும்ப அழைத்து வருகிறோம். நடுவில் அதே தண்ணீர் தெருவில் முழங்கால் அளவு நின்றால், அதற்கு மாநகராட்சியைத் திட்டித் தனியாக ஒரு தீர்மானமும் போடுகிறோம்.

இனி என் பணிவான விண்ணப்பங்கள். நீரூற்றை நகர்த்தி, அடைபட்ட குழியைத் தூர் வாரி, மாடிக் குழாயை அதில் இறக்குங்கள். புல்லில் பாதியைப் பெயர்த்துவிட்டுச் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வையுங்கள். வேர் பிடித்துவிட்டால் ட்யூபை எதிர்பார்க்காத செடிகள். தினமும் விடியற்காலையில் நம்மை அருவிச் சத்தத்தோடு எழுப்பும் பி பிளாக் மேல்தொட்டிக்கு ஒரு ஃப்ளோட் வால்வு மாட்டுங்கள். மூன்று பொதுக்குழுவாகப் 'பரிசீலனையில்' இருக்கும் அந்த வால்வின் விலை, ஒரு லாரித் தண்ணீருக்குக்கூட வராது.

முடியாதென்றால் வற்புறுத்தவில்லை. அபராதம் 500 ரூபாயை இத்துடன் இணைத்துள்ளேன். ரசீதில் மட்டும் 'வாளி வைத்து நீர் சேகரித்த குற்றத்துக்காக' என்று தெளிவாக எழுதித் தரவும். 2003-லேயே கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. இங்கே தண்ணீர் சேர்த்ததற்கு அபராதம் கட்டியவர் என்ற பெருமை என் அம்மாவுக்குக் கிடைத்திருக்கிறது. ரசீதுக்குச் சட்டம் போட்டு, பூஜையறையில் மாட்டப் போகிறாராம். வாளியைத் துளசிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டார். அதற்கு அடுத்த நோட்டீஸ் எப்போது வரும் என்றும் கேட்கச் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
மொண்டு குளிப்பவன்.