கதவின் பின்புறம்: கிரேக்கத் தீவின் சிறுவிடுதி குறித்த ஒரு தர்மசாஸ்திர ஆராய்ச்சி

ஏஜியன் கடலின் தீவுகளைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் வெள்ளைச் சுவரையும் நீலக் கதவையும் அஸ்தமன சூரியனையும் வர்ணிப்பதிலேயே தங்கள் சரக்கு முழுவதையும் செலவழித்துவிட்டு, பிரயாணியின் சுகதுக்கங்களை உண்மையில் நிர்ணயிக்கும் வஸ்துவாகிய விடுதியறைக் கதவின் உட்புறத்தை ஏறெடுத்தும் பாராமல் போய்விட்டார்கள். கதவின் வெளிப்புறம் அஞ்சலட்டைதோறும் அச்சேறிப் புகழ் பெற்றிருக்க, உட்புறமோ ஒரு சட்ட நூலுக்குரிய சகல லக்ஷணங்களும் பொருந்தியிருந்தும், பாஷ்யகாரர் ஒருவரும் வாய்க்காமல் அநாதையாகத் தொங்குகிறது. அக்குறையைப் போக்குவதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

ஆராய்ச்சிக்கு எல்லை வேண்டும். கிரேக்கத் தீவுகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டால் ஆயுள் போதாது. ஆகையால் சைக்ளடீஸ் கூட்டத்தின் கிழக்கோரத்தில் நீண்டு ஒடுங்கிக் கிடக்கும் அமோர்கோஸ் தீவையும், அதிலும் எகியாலித் துறைக்கு மேலே மலைச்சரிவில் ஏறி உட்கார்ந்திருக்கும் லங்காதா போன்ற படிக்கட்டுக் கிராமங்களையும் மட்டும் கருதுவோம். பிரேயஸ் துறைமுகத்தில் ஏறிய பிரயாணி மணிக்கணக்காகக் கப்பலில் கிடந்து உப்புக் காற்றில் தலை கலைந்து வந்து இறங்கும்போது, அறை உண்டென்று எழுதிய பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு சில அம்மாள்கள் துறையில் நிற்பார்கள். அவர்கள் நடத்துவது ஹோட்டல் அன்று. பிள்ளைகள் ஏதென்ஸுக்குப் பிழைக்கப் போனபின் காலியாகிவிட்ட மாடியறைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்நான அறையும் கட்டிலும் சேர்த்து, கோடையில் அந்நியர்களுக்கு வாடகைக்கு விடும் இந்த ஏற்பாட்டை அங்கே ‘தொமாத்தியா’ என்பார்கள். ஹோட்டல்களை நட்சத்திரங்களால் தரம் பிரிக்கும் கிரேக்க அரசாங்கம், இவ்வறைகளுக்கு ஒன்று முதல் நான்கு வரை சாவிகளைச் சின்னமாக வழங்கியிருக்கிறது. அந்தக் கிராமங்களில் ஒருவரும் கதவைப் பூட்டுவதில்லை என்ற விஷயத்தைப் பின்னால் சொல்லப்போகிறோமாதலால், சாவியைச் சின்னமாகத் தேர்ந்தெடுத்த அதிகாரியின் ஹாஸ்ய உணர்ச்சியை இங்கேயே மெச்சிவிடுவது முறை.

கதவின் உட்புறத்தில் காணப்படும் பிரமாணங்கள் சுருதி என்றும் ஸ்மிருதி என்றும் இருவகைப்படும். எங்கும் எழுதப்படாத மூன்றாவதொன்றும் உண்டு. அதைச் சதாசாரம் என்போம்.

சுருதி என்பது அரசாங்கத்தின் கட்டணப் பத்திரம். சட்டமிட்டு முத்திரை குத்தப்பெற்ற இதில் பருவத்துக்குப் பருவம் அறைக்கு என்ன விலை வாங்கலாம் என்பது கண்டிருக்கும். இது அபௌருஷேயம், அதாவது மனிதர் எவரேனும் இயற்றினார் என்று நம்ப இயலாதது. சுருதிக்குரிய மற்றொரு லக்ஷணமாகிய, எல்லோரும் வணங்குவர், ஒருவரும் அப்படியே அனுஷ்டிப்பதில்லை என்பதும் இதற்கு முற்றும் பொருந்தும். மே மாதத்தில் அம்மாள் கேட்கும் தொகைக்கும் பத்திரத்திலுள்ள தொகைக்கும் உள்ள தூரம், ஆகஸ்டு மாதம் நெருங்க நெருங்கக் குறைந்துகொண்டே வரும். வாடகை தலைக்கு இத்தனை என்று அன்றி அறைக்கு இத்தனை என்று இருப்பதால், தனியாகப் போகும் பிரம்மசாரி குடும்பஸ்தனைக் கண்டு பொறாமைப்படும் அபூர்வ ஸ்தலங்களில் இதுவும் ஒன்று. சுருதியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்மிருதியே நம் ஆராய்ச்சியின் உயிர்நிலை. இது அம்மாளாலோ, ஆங்கிலம் படித்த அவளுடைய பேத்தியாலோ எழுதப்பட்டு, பிளாஸ்டிக் உறையிட்டு, நான்கு மூலைகளிலும் ஒட்டிய நாடா பழுத்து மஞ்சளாகித் தொங்கும் ஓர் அட்டை. கிரேக்கம், ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு ஆகிய பாஷைகளில் ஒரே விதி எழுதப்பட்டிருந்தாலும், பாஷைக்குப் பாஷை ஆச்சரியக்குறிகளின் எண்ணிக்கை வேறுபடுவதைக் கூர்ந்து நோக்குபவர் காண்பர். இதை எழுத்துப் பிழை என்று தள்ளுவது அறியாமை. எந்த தேசத்தார் எந்த விதியை முன்பு மீறினார்களோ அந்த தேசத்தாரின் பாஷையில் அந்த விதிக்கு ஒரு குறி கூடுதலாக விழுகிறது என்பது நம் சித்தாந்தம். சரித்திர ஆசிரியர்கள் கல்வெட்டுகளில் மெய்க்கீர்த்தியைப் படிப்பதுபோல, இவ்வட்டைகளில் ஐரோப்பிய ஜாதிகளின் துஷ்கீர்த்தியைப் படித்துக்கொள்ளலாம்.

ஸ்மிருதியின் முதல் விதி, கழிப்பறைக் காகிதத்தைப் பீங்கானில் போடாமல் பக்கத்திலுள்ள மூடியிட்ட தொட்டியில் போடுக என்பது. குறிகள் அதிகம் விழுந்திருப்பதும் இங்கேதான். வடக்கே ஜலப்பிரவாகத்தில் எதையும் விட்டுவிட்டு மறந்துபோகும் நாகரிகத்தில் வளர்ந்தவர்களுக்கு இவ்விதி ஒரு பண்பாட்டு அதிர்ச்சி. இதை நினைத்து விடுமுறை முழுவதும் முகம் வாடித் திரிபவர்களும் உண்டு. ஆயினும் விதிக்குக் காரணம் பௌதிகமானது. கிரேக்க வீடுகளின் கழிவுநீர்க் குழாய்கள் குறுகலானவை. பாறைத் தீவின் கிராமங்களில் அக்குழாய் போய்ச் சேரும் இடம் பல வீடுகளில் முற்றத்துக்கு அடியிலுள்ள தொட்டியே. அத்தொட்டி அடைத்துக்கொண்டால் வரவேண்டிய வண்டி படிக்கட்டுத் தெருவில் ஏறாது. இத்தனை நியாயங்களையும் அட்டையில் எழுத இடமில்லாமையால் அம்மாள் ஆச்சரியக்குறியோடு நிறுத்திக்கொண்டாள். தண்ணீரைக் கொண்டே காரியம் முடிக்கும் வழக்கமுள்ள நம்மவர்களை இவ்விதி தீண்டாது என்பதையும், அதன் பயனாக அம்மாளிடத்தில் நமக்கு ஏற்படும் நன்மதிப்பு, ஷவர்க் குழாயைக் கையில் பிடித்துக் குளித்துத் தரை முழுவதையும் நனைத்துவிடுவதால் அன்று மாலையே சமனாகிவிடுகிறது என்பதையும் நடுநிலைமையோடு குறிப்பிடவேண்டும்.

இரண்டாவது விதி தெர்மோசிஃபோனோ எனப்படும் வெந்நீர்க் கொப்பரையைப் பற்றியது. கூரைகளின் மேல் கண்ணாடிப் பலகையோடு படுத்திருக்கும் உருளைகள் சூரியனிடமிருந்தே வெந்நீர் பெறுகின்றன. மேகம் மூடிய நாளில், அல்லது முன்னால் குளித்தவர் தீர்த்துவிட்ட வேளையில், மின்சாரத்தால் சுடவைப்பதற்கு ஒரு விசை உண்டு. அந்த விசை ஸ்நான அறையில் இராது. வாசலருகே மின்சாரப் பெட்டிக்குள் மற்ற விசைகளோடு ஒளிந்திருக்கும். குளிப்பதற்கு அரைமணி முன் போடவேண்டும், குளித்தபின் அணைக்கவேண்டும். இங்கே பூர்வபக்ஷி ஆக்ஷேபிக்கிறான்: வேண்டிய சூடு ஏறியதும் தானே நின்றுவிடும் சாதனம் அதற்குள் இருக்கையில், அணைப்பதென்ன, அணைக்காததென்ன? இதற்குச் சமாதானம், மின்சாரச் செலவு அம்மாளுடையது என்பது ஒன்று. மற்றொன்று, அதைவிட ஆழமானது, கிரேக்கக் குடும்பங்களில் வெளியே புறப்பட்டுப் பாதி வழி போனபின் ‘தெர்மோசிஃபோனோவை அணைத்தாயா?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு திகைத்து நிற்பது ஒரு குலாசாரம். அந்த பயத்தில் விருந்தினனுக்கும் பங்கு கொடுப்பதன் மூலம் அவனைக் குடும்பத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். இதற்குமேல் பூர்வபக்ஷிக்கு வாயில்லை.

மூன்றாவது, புறப்படும் நாளில் நண்பகலுக்குள் அறையைக் காலி செய்க என்பது. இவ்விதியின் தோற்றத்தை ஆராய்வோர் ஹோமரின் ஒடிஸி வரை போக வேண்டியிருக்கிறது. இதாகாத் தீவின் அரசன் வீட்டில் 108 பேர் மூன்றாண்டுக்கு மேலாகத் தினந்தோறும் வந்து உண்டு குடித்து, ஒரு காசும் கொடாமல், வீட்டுக்காரியையும் மணக்கக் கேட்டு உபத்திரவித்தனர். அவர்களைக் காலி செய்விக்க வேறு வழி காணாத ஒடிஸியூஸ் 22ஆம் காண்டத்தில் வில்லை அவர்கள்மேல் திருப்பினான். அந்நியர்களுக்குக் காவல் தெய்வமாகிய ஸீயஸ் கடவுளும் இதில் குறுக்கிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒடிஸியூஸ் தானே கலிப்ஸோவின் தீவில் ஏழாண்டு தங்கியவன் என்று சிலர் சுட்டிக்காட்டுவர். அங்கே விருந்தினன் போகத் தவித்தான், வீட்டுக்காரி விடவில்லை, ஆகையால் அது இவ்விதிக்குள் அடங்காது.

சதாசாரத்துக்கு வருவோம். பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்தரை வரை கோடையில் ஓசை செய்யலாகாது என்பது அந்நாட்டில் சட்டமாகவே இருந்தாலும், கிராமத்தில் அதைச் சட்டம் என்று யாரும் நினைப்பதில்லை, பூனைகளும் கடைப்பிடிக்கின்றன. அந்நேரத்தில் கதவைத் தட்டித் துவாலை கேட்பவனை அம்மாள் திட்டமாட்டாள். கொண்டுவந்து கொடுப்பாள். அவள் கொடுக்கும் விதத்தை அனுபவித்தவன் மறுநாள் ஈரத்தோடு காய்ந்துகொள்வான்.

சாவி எப்போதும் கதவின் வெளிப்புறத் துவாரத்திலேயே இருக்கும். கப்பல் நள்ளிரவு கழிந்து வரும் நாட்களில், ‘சாவி கதவில் இருக்கிறது, படுத்துக்கொள், காலையில் பேசலாம்’ என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு அம்மாள் உறங்கப் போய்விடுவாள். அப்படியானால் பூட்டு எதற்கு என்றால், காற்றுக்கு. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வடக்கிலிருந்து நாட்கணக்காக அடிக்கும் மெல்தேமிக் காற்றை அரிஸ்டாட்டிலே தம் வானிலை நூலில் விசாரித்திருக்கிறார். ஆனால் அது தாழிடாத கதவை இரவெல்லாம் அறைந்துகொண்டிருக்கும் என்பதை அவர் எழுதாமல் விட்டார். காற்று முற்றினால் துறைமுக அதிகாரிகள் கப்பலை நிறுத்திவைப்பார்கள். அப்போது போகவேண்டியவன் போக முடியாமல் அம்மாள் முன் தலை குனிந்து நிற்க, அவளோ கவலையின்றி ரேழியில் உட்கார்ந்து பயறு ஆய்ந்துகொண்டிருப்பாள். அவ்வறைக்கு அடுத்து வரவேண்டியவனும் அதே காரணத்தால் பிரேயஸில் நிற்கிறானல்லவா? கணக்கு தானே சரியாகிவிடுகிறது.

காலையில் நடப்பது விசாரணை. பாலாடைக்கட்டி வந்த பழைய தகர டின்களுக்கு வெள்ளையடித்து, அவற்றில் பாஸில் என்னும் திருநீற்றுப் பச்சை வளர்த்து வரிசையாக வைத்த திண்ணையில், ஒரு சிறு தட்டில் கரண்டி ஒன்று, கரண்டி நிறையப் பாகில் ஊறிய சீமை மாதுளையோ கிச்சிலித் தோலோ, பக்கத்தில் ஒரு தம்ளர் குளிர்ந்த தண்ணீர் என்று அம்மாள் கொண்டுவந்து வைப்பாள். வாயில் இனிப்பு இருக்கும்போதே எந்த ஊர், என்ன தொழில், கல்யாணம் ஆயிற்றா, குழந்தைகள் எத்தனை, ஏன் இல்லை என்று கேள்விகள் வரும். ஹோமரின் காலத்தில் அந்நியனை உண்பித்து உபசரித்த பிறகே பெயர் கேட்பது தர்மமாக இருந்தது. ஒடிஸியில் ஃபேயாக்கிய அரசன் எட்டாம் காண்டத்தின் முடிவில்தான் விருந்தினனின் பெயரைக் கேட்கிறான். அம்மாள் அத்தர்மத்தை மீறவில்லை. கரண்டி முன்னால் வந்துவிட்டது; விழுங்கும் வரை காத்திருக்க வேண்டும் என்று எந்த நூலிலும் இல்லை.

இம்மூன்று பிரமாணங்களும் ஒன்றோடொன்று முரண்பட்டால் எது வலியது? முதலில் சுருதியின் பலத்தைப் பார்ப்போம். அரசாங்கமே விருந்தோம்பலில் இறங்கிய காலம் ஒன்று உண்டு. ‘க்ஸேனியா’ என்ற பெயரில் நாடெங்கும் ஹோட்டல்கள் கட்டிற்று, 1957 முதல் 1967 வரை அத்திட்டத்தை முன்னின்று நடத்திய ஆரிஸ் கொன்ஸ்தாந்தினிதிஸ் சிறந்த கட்டடச் சிற்பி, கட்டடங்களும் அழகியவை. அவற்றுள் பல இன்று பாழடைந்து நிற்கின்றன. அம்மாளின் மாடியறை நிற்கிறது. சதாசாரத்தின் பலத்துக்கோ வேறொரு சாட்சி உண்டு. அமோர்கோஸிலேயே செங்குத்தான பாறையில், கடலுக்கு முந்நூறு மீட்டர் உயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஹொஸோவியோதிஸ்ஸா மடத்தை 1088இல் பைஸாந்தியச் சக்கரவர்த்தி முதலாம் அலெக்ஸியோஸ் கொம்னேனோஸ் புதுப்பித்தான். படியேறி மூச்சிரைத்து வருபவனுக்குத் தண்ணீரும், லுகூமி என்னும் மிட்டாயும், தேனிட்ட ரக்கியும் கொடுக்கும் வழக்கம் அங்கே இன்றும் நடக்கிறது. அங்கேயும் கதவருகே ஒரு ஸ்மிருதி உண்டு: கால்சட்டை முழங்காலுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஆகவே சுருதி, ஸ்மிருதி, சதாசாரம் மூன்றும் முரண்படும்போது, அவ்வேளையில் யார் தட்டை ஏந்தி நிற்கிறார்களோ அவர்கள் வாக்கே பிரமாணம் என்று தீர்ப்புக் கூறுகிறோம்.

இதைப் படித்துவிட்டுப் புறப்பட எண்ணும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: ஆகஸ்டு 15, தேவமாதாவின் திருநாள். ஏதென்ஸிலுள்ள பிள்ளைகளும் பேரன்மாரும் அன்றைக்கு ஊருக்கு வந்துவிடுவார்கள். எந்தப் பத்திரத்தில் எந்த விலை எழுதியிருந்தாலும் அவ்வாரத்தில் அறை கிடையாது. செப்டம்பரில் போங்கள்.