மாவா, இட்லியா: படக்கோப்பியல் குறித்த ஓர் ஆராய்ச்சி

டிஜிட்டல் கேமராவின் மெனுவில் ‘இமேஜ் குவாலிட்டி’ என்று ஒரு வரி உண்டு. அதில் ‘ரா’வைத் தொடுவதா, ‘ஜேபெக்’கைத் தொடுவதா என்பது வடகலை தென்கலை வழக்குக்குச் சற்றும் குறையாதது, நாமம் போட யானை ஒன்றுதான் குறை. இரு தரப்பிலும் பேசியோர் பலர். முறைப்படி ஆராய்ந்தார் இலர். அக்குறை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது என்க. ஆய்வாளனின் தகுதிகள் இரண்டு: சொந்தமாக ஒரு கேமரா, சொந்தத்தில் ஒரு கல்யாணம்.

முதலில் சொல்லாராய்ச்சி. ஆங்கிலத்தில் ‘ரா’வின் மூன்று எழுத்தையும் பெரிதாக எழுதுவதால், அது ஏதோ நீண்ட பெயரின் சுருக்கம் என மயங்குவார் உளர். அன்று. பச்சையானது, சமைக்காதது, அவ்வளவே பொருள். ஆனால் தமிழில் ரகரம் மொழிக்கு முதலில் வாராது. ஆகவே இலக்கணப்படி அதை ‘இரா’ என்றே எழுத வேண்டும். இரா என்றால் இரவு. இந்தக் கோப்பில் படம் எடுத்தவர்கள் விடிய விடியக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கலர் திருத்துவதைப் பார்த்தவர்க்கு, இது காரணப்பெயர் என்பதில் ஐயம் எழாது. ஜேபெக்குக்கு அத்தகைய ஆழம் இல்லை. 1986-இல் கூடிய ஒரு வல்லுநர் குழுவின் பெயர்ச்சுருக்கம் அது. 1992-இல் அவர்கள் உருவாக்கிய தரம் வெளிவந்தது. ஒரு கமிட்டி கூடி ஆறு ஆண்டில் பலன் கண்டது என்பதே தனி ஆய்வுக்குரியது.

ஜேபெக்கின் உயிர்நிலை ஒரு கணக்கு. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது 1972-இல் அதை ஆராயப் பணம் கேட்டு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு எழுதினார். கையை விரித்துவிட்டார்கள். அவரும் விடவில்லை, நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடு சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாகவே வெளியிட்டார். ஜேபெக் அந்தக் கணக்கைக் கொண்டு என்ன செய்கிறது? படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக நறுக்குகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நிதானமாக மாறுவது எவ்வளவு, படபடவென்று மாறுவது எவ்வளவு என்று 64 எண்களாகப் பிரிக்கிறது. பிறகு மளிகைக் கடைக்காரர் செய்வதைச் செய்கிறது: ரவுண்டு பண்ணுகிறது. 47 ரூபாய் 50 ஆகும், இரண்டு ரூபாய் பூஜ்யமாகும். நோட்டு கைக்கு வரும், சில்லறை வராது. நுண்ணிய விவரங்களில் நம் கண் அவ்வளவு கறார் இல்லையாதலால், மிட்டாயை வாங்கிக்கொண்டு நாமும் வந்துவிடுகிறோம்.

‘ரா’ தரப்பார் அந்தச் சில்லறைக்காகவே கடை வாசலில் நிற்பவர்கள். அவர்கள் வாதம் கேமராவின் சென்சாரில் தொடங்குகிறது. சென்சாருக்கு நிறம் தெரியாது. கோடாக் கம்பெனியின் பிரைஸ் பேயர் 1976-இல் பேட்டன்ட் பெற்ற ஏற்பாட்டின்படி, அதன் மேல் நான்கு புள்ளிக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என வடிகட்டி போர்த்தியிருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தை மட்டும் அறியும். மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்தில் விசாரித்து நிரப்ப வேண்டும். ‘ரா’ என்பது விசாரணைக்கு முந்தைய நிலை: புள்ளி வைத்தாயிற்று, கோலம் போடவில்லை. ஒளியின் ஏற்ற இறக்கத்தை ஜேபெக் 256 படிகளில் சொல்லும். 14 பிட் ‘ரா’வோ 16,384 படிகளில் சொல்லும்.

இவ்விடத்து ஓர் உவமை. ‘ரா’ மாவு, ஜேபெக் இட்லி. மாவிருந்தால் இட்லி ஊற்றலாம், தோசை சுடலாம், ஊத்தப்பமும் ஆகும். இட்லியிலிருந்து மாவுக்குத் திரும்ப வழியில்லை. இட்லியை உதிர்த்து உப்புமா செய்யலாமே என்பாரேல், செய்யலாம். ஜேபெக்கைத் திருத்தித் திருத்தி மறுபடி சேமிப்பது அதுவே. ஒவ்வொரு தடவையும் மறுபடி ரவுண்டு விழும், உப்புமா மேலும் உதிரும். மாவுக்கும் ஒரு குறை உண்டு. நிக்கான் அதை என்இஎஃப் என்னும், கேனன் சிஆர்3 என்னும், சோனி ஏஆர்டபிள்யூ என்னும். வீட்டுக்கு வீடு வேறு வேறு தூக்குச்சட்டி.

இனி களஆய்வு. என் அக்கா மகள் கல்யாணம். மதுரைப் பக்கம் ஒரு மண்டபம். போட்டோகிராபர் தம்பி முந்தின நாள் ரிசப்ஷனை ஜேபெக்கில் எடுத்தார். மேடைக்குப் பின்னால் ஊதா எல்இடி சுவர். கேமராவின் ஒயிட் பேலன்ஸ் எதையோ நினைத்துக்கொண்டு ஏதோ ஒரு முடிவுக்கு வந்தது. அந்த முடிவோடு படம் வெந்து இறங்கியது. தாய்மாமன் என்ற முறையில் நடுவில் நின்ற என் முகம் கத்தரிக்காய். “கரெக்‌ஷன் பண்ணிரலாம்ணே” என்றார் தம்பி. நீலம் உச்சியில் முட்டி நின்றது, பச்சை மிச்சமில்லை, திருத்த அதில் ஒன்றுமில்லை. இரவு சாப்பாட்டுப் பந்தியில் அவரைப் பிடித்து உட்கார வைத்து, மேலே கூறிய மாவு உவமையை முக்கால் மணி நேரம் விளக்கினேன். மறுநாள் முகூர்த்தத்தை ‘ரா’வில் எடுக்க ஒப்புக்கொண்டார். அதாவது, பந்தியிலிருந்து எழுந்திருக்க வேண்டி ஒப்புக்கொண்டார்.

கேமராவுக்குள் பஃபர் என்றொரு திண்ணை உண்டு. எடுத்த படங்கள் கார்டு என்னும் வீட்டுக்குள் போகுமுன் அங்கே உட்கார்ந்திருக்கும். ஜேபெக் ஒல்லி, அடுத்தடுத்து எழுந்து உள்ளே போய்விடும். 24 மெகாபிக்சல் ‘ரா’ ஒவ்வொன்றும் சுமார் 25 எம்பி கனத்த சரீரம். தம்பியின் பழைய கேமராத் திண்ணையில் பத்துப் பேர் உட்கார்ந்தால் இடம் முடிந்தது. கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை குனிந்து முதல் முடிச்சுப் போட்டார். படபடவென்று பத்துப் படம். பத்தாவதோடு கேமரா மூச்சு நின்றது. சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்றது. தம்பி பட்டனை அழுத்துகிறார், அழுத்துகிறார், அது அசையவில்லை. திண்ணை காலியானபோது நாத்தனார் இரண்டாவது முடிச்சையும் மூன்றாவது முடிச்சையும் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். காற்றில் அட்சதை.

முதல் முடிச்சுப் படங்கள் அற்புதம் என்பதை ஆய்வு நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன். வீடியோ லைட்டில் வெளுத்துப் போயிருந்த பட்டு வேட்டியில் மடிப்பு மடிப்பாக விவரம் மீண்டது, சரிகையில் இழை தெரிந்தது. “எங்க பொண்ணு போட்ட முடிச்சு எங்கே?” என்று சம்பந்தி வீட்டார் கேட்டபோது 16,384 படிகளிலும் தேடினேன், இல்லை.

இவ்வழக்கு எமக்கு மட்டும் உரியதன்று. 2015 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ‘ரா’விலிருந்து செய்த படங்கள் வேண்டாம், கேமராவே ஜேபெக்காக எழுதியதை மட்டும் அனுப்புங்கள் என்று வெளியிலிருந்து படம் தருபவர்களுக்குச் சொல்லிவிட்டது. செய்தி ஆறக்கூடாது, சமையற்காரர் கைவரிசையும் காட்டக்கூடாது. வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியோ, இறுதிச் சுற்றுக்கு வருபவரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கிறது: இட்லி நன்று, மாவைக் காட்டு. இருவர் கேட்பதும் உண்மையையே. ஒருவர் கிச்சன் பக்கம் போகாதே என்கிறார், மற்றவர் கிச்சனைத் திற என்கிறார்.

‘ரா’ தரப்பாரைச் சற்றே சங்கடப்படுத்தும் செய்தி ஒன்று. ‘ரா’வில் எடுத்தபின் கேமராவின் முதுகுத் திரையில் பார்த்து “ஆகா” என்கிறார்களே, அப்படம் ‘ரா’ அன்று. கேமரா அந்தக் கோப்புக்குள்ளேயே சொருகி வைத்திருக்கும் ஒரு ஜேபெக். மாவுச் சட்டிக்குள் சாம்பிளுக்கு ஒரு இட்லி.

ஆனால் என் ஆய்வில் உண்மையான வேறுபாடு பிட்டிலும் இல்லை, எம்பியிலும் இல்லை. ஜேபெக்காரர் பட்டனை அழுத்தும்போதே முடிவெடுத்துவிடுகிறார், சில சமயம் ஊதாவாக. ‘ரா’க்காரர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிடுகிறார். மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் அன்றைக்கே தோசை சுடுவதில்லை. எங்கள் கல்யாண ஆல்பமும் தம்பியின் ஹார்ட் டிஸ்கில் இருந்தது. ஆறு மாதம் கழித்துக் கேட்டேன்: “கரெக்‌ஷன் போயிட்டிருக்குண்ணே.” ஒரு வருஷம் கழித்தும் போய்க்கொண்டிருந்தது. பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. கரெக்‌ஷன் போய்க்கொண்டிருந்தது.

குழந்தைக்குக் காதுகுத்து வைத்தார்கள். அதே தம்பிதான் வந்தார். ஆல்பமும் கையோடு வரும் என்று அக்கா நம்பியிருந்தாள். வரவில்லை. ஆசாரி ஊசியை எடுத்ததும் தம்பி கேமராவை என்னிடம் நீட்டி, “அண்ணே, ராவா, ஜேபெக்கா?” என்றார். இரண்டிலும் சேர்த்துப் பதிவாகும்படி வைக்கும் வழியும் மெனுவில் உண்டு என்று நான் விரிவாகத் தொடங்குமுன், நாத்தனார் குறுக்கே வந்தார்.

“எதுல வேணா எடுங்க தம்பி. ரெண்டு காதும் வரணும்.”